எலுமிச்சை வேலியில் ஒரு வாய் அதிகம்

பெருமதிப்பிற்குரிய பெரியக்கா அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் இவளும் பையனும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும் அத்தானும், தங்களுக்கு இடப்பக்கத்து வீட்டில் சின்னக்காவும், வலப்பக்கத்து வீட்டில் தங்கச்சியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது. இனி மனசைப் பற்றி எழுதுகிறேன். அது சௌக்கியமாக இல்லை.

இதைப் பிரித்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தனியாக, வாயைத் திறக்காமல் படிக்கவும். இதை எழுதும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் மூன்று பேரும் எதையும் தனியாகச் செய்து நான் பார்த்ததில்லை. உறை கிழிகிற சத்தம் கேட்டாலே சின்னக்கா கையில் கரண்டியோடும், தங்கச்சி ஈரத் தலையோடும் வந்து நின்றுவிடுவார்கள். சரி, வந்தால் வரட்டும். ஆனால் சத்தமாகப் படிக்காதே. தெருவுக்கே கேட்கும். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், அதுதான் நம் வழக்கம். இந்த விஷயத்துக்கு 'ம்' போதாது, அக்கா. (ஆரம்பத்தில் 'தாங்கள்' என்று மரியாதையாகத்தான் எழுதினேன். பயத்தில் 'நீ' வந்துவிட்டது. மன்னிக்கவும்.)

என் வேலை உனக்குத் தெரியும். வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கும் மேஜை. காசோலையில் இருக்கிற கையெழுத்தையும் எங்களிடம் இருக்கிற மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆள் போட்டதுதானா என்று பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து, எந்த இரண்டைக் கண்டாலும் பொருந்துகிறதா என்று பார்க்கிற புத்தி ஒட்டிக்கொண்டது. வாசலில் கிடக்கிற செருப்பு ஜோடியைக்கூட ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பேன். இந்தப் புத்திதான் இப்போது என் குடியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

என் மேஜைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்கு வெளியே வங்கியின் பின்கட்டு. உடைந்த நாற்காலிகள், ஜெனரேட்டர், ஒரு எலுமிச்சை வேலி, யாரும் கூட்டாத சருகு. அந்தச் சருகில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் குடியிருக்கிறது. நீ பார்த்திருப்பாய், தவிட்டு நிறம், மஞ்சள் மூக்கு, தூங்கி எழுந்து தலை வாராத மாதிரி கலைந்த இறகு, யாரோ என்னவோ சொல்லிவிட்ட மாதிரி எப்போதும் ஒரு வெள்ளை முழி. ஒன்று தத்தினால் எல்லாம் தத்தும். ஒன்று வாயைத் திறந்தால் எல்லாம் திறக்கும், எது யாருக்குப் பதில் சொல்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்னும். அவை தின்னும்போது ஒன்று மட்டும் தின்னாமல் மேல் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பசித்தால் இன்னொன்று மேலே போய் உட்காரும். முதல் நாள் பார்த்தபோதே நம் வீடுதான் ஞாபகம் வந்தது, உன்மேல் சத்தியம்.

எங்கள் கேஷியருக்குப் பறவைப் பித்து. பணப்பெட்டிச் சாவி இருக்கிற டிராயரில் பைனாகுலர் வைத்திருப்பார், அதனால் ஆபீஸில் அவருக்குப் பெயரே பைனாகுலர். கூட்டம் இல்லாத நேரமெல்லாம் என் ஜன்னலுக்கு வந்துவிடுவார். "சார், லேசா நினைக்காதீங்க. இதுங்க பூச்சியைப் பொறுக்கலைன்னா இந்த வேலியில ஒரு இலை மிஞ்சாது. சருகைக் கிளறிக் கிளறி மண்ணுக்குக் காத்து விடறதும் இதுங்கதான். பாம்பு வந்தா மொத்தமா சுத்தி நின்னு கத்தும் பாருங்க, அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் அணில், மைனா எல்லாம் தப்பிக்கும்" என்றார். பாம்பு என்ற சொல்லோடு எனக்குக் காது அடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "மூட்டு வலியா?" என்றார். ஆமாம் என்றேன்.

பாம்பு வரவில்லை. வந்தது அதைவிட மோசம். வேலிக்குள் கூடு கட்டி அவை குஞ்சு பொரித்தன. அப்பனும் ஆத்தாளும் மட்டும் ஊட்டவில்லை, அக்கா. அத்தை, சித்தப்பா, போன வருஷத்துப் பிள்ளை என்று மொத்தக் கூட்டமும் ஆளுக்கொரு புழுவோடு வரிசையில் நின்றது. குனிந்து குனிந்து எட்டிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. (இந்த ஜன்னலை யார் வைத்தார்களோ, இடுப்புயரத்தில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் நின்றபடியே பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் முதுகு பிடித்துக்கொள்கிறது.) பார்த்தவன் சும்மா பார்த்திருக்கலாம். நான் ஒப்பிட்டேன். குஞ்சுகளில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. மற்றவை தவிட்டு நிறம், இது முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. வாயைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேல். மற்ற இரண்டும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு உருவம். வருகிற புழுவெல்லாம் அந்த ஒரு வாய்க்குள்தான் போனது.

"அது இதுங்க குஞ்சே இல்ல சார்" என்றார் பைனாகுலர், எனக்குப் பரிசு விழுந்த மாதிரி சந்தோஷமாக. "சுடலைக்குயிலோட குஞ்சு. அது கூடு கட்டாது. இதுங்க அசந்த நேரமாப் பார்த்து முட்டையை வெச்சுட்டுப் போயிடும். ரெண்டு முட்டையும் ஒரே நீலம். பாவம், வளர்க்கறதுங்க."

"இதுங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஊட்டுமா சார்?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பணம் எண்ணப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தேன். பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நம் ஒட்டடைக்கம்பு, சின்னக்கா வைத்த பெயர் நிலைத்துவிட்டதே, அவன்தான். உட்கார்ந்தே இவள் நின்ற உயரம் இருக்கிறான். இவள் எக்கி எக்கிப் பரிமாறுகிறாள். வைக்க வைக்கத் தட்டு காலியாகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தான், சோறு போயிற்று. வாயைத் திறந்தான், சோறு போயிற்று. எனக்கு அந்தச் சிவப்பு வாய் கண்முன்னால் வந்தது.

நீயே நிதானமாக யோசித்துப் பார். நம் அப்பா என்ன உயரம்? அம்மா அடுப்பு மேடைக்கு முக்காலி போட்டுத்தானே நின்றாள்? நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடந்தால் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும். இவள் வீட்டிலும் எல்லாரும் கைக்கு அடக்கம். இவன் மட்டும் எப்படி இப்படி? எங்கள் வீட்டு வாசல்நிலையில் தலையை இடித்துக்கொள்வது அவனும் நானும் மட்டும்தான். நான் இடிப்பது கவனக்குறைவு, அவன் இடிப்பது உயரம். நம் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிற பிறவி உண்டா? இவன் நாள் முழுக்கப் பேசமாட்டான். நானும் பேசுவதில்லைதான், ஆனால் அது உங்களுக்கு நடுவில் இடம் கிடைக்காததால் வந்த பழக்கம். எனக்கும் சாப்பாடு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அது ஆபீஸ் வேலையின் அசதி. இவனுக்கு என்ன அசதி? ஆக, எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பொருந்தவில்லை. மருத்துவமனையில் குழந்தை மாறிப்போய்விட்டது. அதைத் தவிர வேறு எதுவும் என் புத்திக்கு எட்டவில்லை.

அன்றிலிருந்து நான் மனுஷனாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தூங்கும்போது, கையெழுத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அவன் காதைப் பார்த்தேன். காது மாறாது என்பார்கள். ஒரு கையில் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்து என் காதையும் பார்க்க வேண்டியிருந்ததால் கழுத்து ஒரு மாதிரி சுளுக்கிக்கொண்டு, அவன்மேலேயே விழுந்துவிட்டேன். "அப்பா, என்ன பண்றீங்க?" என்றான். "எறும்புடா" என்றேன். "எங்க?" என்றான். "போயிடுச்சு" என்றேன். எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் உண்மை தெரிந்த மாதிரி ஒரு அமைதி இருந்தது.

பிறகு அவன் பிறந்த மருத்துவமனைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். அதை இடித்துவிட்டு டைல்ஸ் கடை கட்டியிருக்கிறார்கள். வாசலில் நிற்க நிற்கத் தலை சுற்றியது. கல்லாவில் இருந்தவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அந்த அன்பில் மனசு இளகி, "இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல ஏதாவது மாறிப் போயிருக்க வாய்ப்பிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். "மாத்தித் தர்றதெல்லாம் வாங்கின வாரத்துக்குள்ளதான் சார். பில் இருக்கா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பில் இல்லையே, அக்கா.

இப்போது யார் உயரமாக வந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இவனைப் பெற்றவர்கள் எங்கேயாவது இருப்பார்கள் இல்லையா? அவர்கள் வீட்டில் ஒரு குள்ளமான, வாயாடிப் பையன் அவர்களைப் படுத்திக்கொண்டிருப்பான். ஒருநாள் அவர்களுக்கும் சந்தேகம் வரும். தேடிக்கொண்டு வருவார்கள். கதவைத் தட்டி, "எங்க பையனைக் குடுங்க" என்பார்கள். போன வாரம் ஒரு வாடிக்கையாளர், நெடுநெடுவென்று, பேசாமல் வந்து நின்றார். அவர் காதைப் பார்க்க ஆரம்பித்தவன் காசோலையைப் பார்க்க மறந்துவிட்டேன். அவர் இந்தப் பக்கம் திரும்பினால் நான் அந்தப் பக்கம் போகிறேன், அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம். மேனேஜரிடம் போய்விட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கையெழுத்து காதில் இருக்காது என்று பொறுமையாக விளக்கினார்.

கடைசியில் தாங்க முடியாமல் இவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "பெத்தவ நான். எனக்குத் தெரியாதா என் புள்ளை?" என்றாள். "தவிட்டுக்குருவியும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கு" என்றேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

அந்தக் கறுப்புக் குஞ்சு இப்போது கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. தவிட்டுக்குருவிகளோடு தரையில் ஓடுகிறது. கூடப் பிறந்த மாதிரி அந்த இரண்டு குஞ்சுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை இது கீழே தள்ளவும் இல்லை. ஊட்டுகிறவர்களைவிட இது பெரிசாகிவிட்டது, இருந்தும் அண்ணாந்து ஊட்டுகிறார்கள். நேற்று வேலி ஓரத்தில் ஒரு பூனை வந்தது. மொத்தக் கூட்டமும் வேலிமேல் ஏறி, கழுத்து நரம்பு தெறிக்கிற மாதிரி கத்தியது. அந்தக் கறுப்புக் குஞ்சு நடுவில் ஒன்றும் புரியாமல் நின்றது. பூனை போன பிறகு ஒவ்வொன்றாக வந்து அதன் தலையைக் கோதிவிட்டன. தெரிந்தால் ஊட்டுமா என்றாரே பைனாகுலர், அந்தக் கேள்வியிலிருந்து என்னால் நகர முடியவில்லை.

ஆகவே, அக்கா, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்குப் பிரசவ அறை வாசலில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தபோது முதலில் கையில் வாங்கியது நீ. நான் தாழ்வாரத்தில் மயங்கிக் கிடந்தேன் என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறாய். உனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குழந்தை நம் குழந்தைதானா? நீளமாக இருந்ததா? அழுததா, பேசாமல் இருந்ததா? உள்ளதை உள்ளபடி எழுது. இல்லை, வேண்டாம், மோசமான செய்தியாக இருந்தால் எழுதாதே. எழுதாவிட்டால் மோசமான செய்தி என்று எனக்குத் தெரிந்துவிடும், அதனால் எப்படியும் எழுது. அடுத்த மாதம் வேலைக்கென்று வெளியூர் போகிறான். போகிற இடத்தில் யாராவது அவனை அடையாளம் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன்? அவன் யார் பிள்ளையாக இருந்தாலும் சரி, நான் கொடுக்கமாட்டேன். அதை மட்டும் உறுதியாக எழுதுகிறேன். கை நடுங்கினாலும் உறுதிதான்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னக்காவுக்கும் வணக்கம். தங்கச்சிக்கு ஆசீர்வாதம். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் தீர்க்காயுசாக, அவரவர் தாய் தகப்பன் ஜாடையோடு நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது.

சாயங்காலம் இவள், பேசாமலேயே, பையனையும் என்னையும் டெய்லர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். புது வேலைக்கு அவனுக்குப் பேண்ட் தைக்க வேண்டும், கூடவே எனக்கும் ஒன்று. டெய்லர் அவனை அளந்தார். அப்புறம் என்னை நிறுத்தி டேப்பை வைத்தவர், பாதியிலேயே சுருட்டிவிட்டார். "அப்பாவுக்குத் தனியா எதுக்கும்மா எழுதணும்? அதே கால், அதே இடுப்பு. இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க, அதுகூட ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அச்சுல வார்த்த மாதிரி இருக்காங்க" என்றார். இவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், இரண்டு பேருக்கும் தலை கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே போய்விட்டது. இத்தனை வருஷமாக நான் பார்க்காத ஒரே ஜோடி அதுதான். அவன் என் பிள்ளை. அந்தக் கடையிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அப்பா, எறும்பா?" என்றான்.

குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து கூடத்தில் மாட்டியிருக்கிற படத்துக்கு முன்னால் நின்றேன். அப்பா, அம்மா, நீங்கள் மூன்று பேர், பின்னால் நான். என்னைக் குனியச் சொல்லித்தான் அந்தப் படத்தை எடுத்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். குனிந்தும் நான் தனியாகத் தெரிகிறேன். வேலைப் புத்தி சும்மா இருக்குமா? ஒவ்வொரு முகமாக என் முகத்தோடு வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை, அக்கா. இதுவரைக்கும் பயந்ததெல்லாம் பயமே இல்லை. பையன் என் பையன்தான். நான் யார் பையன்?

அப்போது போன் அடித்தது. நீதான். "என்னடா, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே போனாய். நீ மூச்சு வாங்கிய இடத்தில் புகுந்து, "அக்கா, நான் உங்ககூடப் பொறந்தவன்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

நீ பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டேன்.

அப்புறம், "யாருடா சொன்னது?" என்றாய். இது என்ன பைத்தியக்காரக் கேள்வி என்று நீ என்னைத் திட்டவில்லை. பின்னால் சின்னக்கா குரல், "என்னவாம்?" என்றது. "அவன்கிட்ட யாரோ சொல்லிட்டாங்கடி" என்றாய். தங்கச்சி, "எவன் அவன்? பேரைக் கேளுக்கா!" என்று கத்தினாள். எனக்குப் பின்னால் பிறந்த அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. "ஒரு குருவி" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"எந்தக் குருவியா இருந்தாலும் சரி. காலையில முதல் பஸ்ல மூணு பேரும் வர்றோம். அதுக்குள்ள யாராவது வந்து உன்னைத் தேடினா, நீ வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொல்லு. நாங்க வர்ற வரைக்கும் கதவைத் திறக்காதே. நாங்க குடுக்கமாட்டோம்" என்றாய். உன் குரல் நடுங்கியது.

எனக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. இத்தனை வருஷமும் நீயும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

கதவைப் பூட்டிவிட்டேன், அக்கா. சீக்கிரம் வா.